கம்மங்கூழ் ரோட்டுல கிடைக்குது... வீட்டுல ஏன் இல்லை? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அடுப்புகளை விட்டுப்போன கம்மஞ்சோறு

சித்திரை வெயில்ல மதுரை - கொல்லம் நெடுஞ்சாலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து ராஜபாளையம் வரை ஒரு தடவை போய்ப் பாருங்க. பக்கத்துப் பக்கத்து ஊர்தான். அதுக்குள்ளயே கூழ் வண்டி கண்ணில் படும். சொம்பு நிறைய கம்மங்கூழ், தொட்டுக்க மோர் மிளகாய், சீனியவரைக்காய் வத்தல். பைக்கை ஓரங்கட்டிக் குடிக்கிறவங்ககிட்ட, "உங்க வீட்டு அடுப்புல கடைசியா கம்பு வெந்தது எப்போ?"ன்னு கேட்டால், கொஞ்சம் யோசிப்பாங்க.

இதே ஊர்களில் இரண்டு தலைமுறைக்கு முன்னாடி கூழை யாரும் காசு கொடுத்து வாங்கிக் குடிக்கவில்லை. அது வீட்டுச் சாப்பாடு. அப்படி இருந்தது எப்படி வண்டிச் சாப்பாடு ஆனது? திரும்ப வீட்டுக்குக் கொண்டு வர முடியுமா? பார்க்கலாம்.

கம்பு ஏன் இந்த ஊர்ச் சாப்பாடு?

இந்தப் பகுதிக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. அடிவாரத்தில் கண்மாய்த் தண்ணீர் இருந்ததால் நெல், தென்னை, மா. கிழக்கே சாத்தூர், சிவகாசி பக்கம் போகப் போக கரிசல் மண். அங்கே மழையை நம்பிய மானாவாரி விவசாயம்தான். கம்பு, சோளம், குதிரைவாலி, பருத்தி. நெல்லுச்சோறு என்பது தீபாவளி, பொங்கல், கல்யாண வீடு என்று வருஷத்தில் சில நாள் மட்டும் சாப்பிட்டது. மற்ற நாளெல்லாம் ராத்திரிக்குச் சூடாக கம்மஞ்சோறு, கருவாட்டுக் குழம்பு அல்லது கீரைக் கடைசல். மிஞ்சியதை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டால் காலையில் மோர் விட்டுக் கரைத்த கஞ்சி.

அப்புறம் ஏன் காணாமல் போனது?

"நாக்கு மாறிப்போச்சு, எல்லாரும் பரோட்டாவுக்குப் போயிட்டாங்க" என்பதுதான் வழக்கமான பதில். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் எங்க அம்மாச்சிகிட்ட போன்ல பக்குவம் கேட்டபோதுதான் வேற கதை வந்தது. "இப்ப எதுக்குய்யா அதைக் கேக்க? அரிசிச் சோறு வந்த அன்னைக்குத்தான் என் தோள்பட்டை வலி போச்சு" என்றார். குரலில் ஏக்கம் எல்லாம் இல்லை.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கம்பை அப்படியே பானையில் போட முடியாது. தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு, உரலில் போட்டு உலக்கையால் குத்தி, சுளகில் புடைத்து உமியை எடுக்கணும். மறுபடி குத்தி குருணையும் மாவுமாகப் பிரிக்கணும். அதற்கு அப்புறம்தான் அடுப்பு. ஒரு வேளைச் சோற்றுக்கு இத்தனை வேலை. வேலையை யார் செய்தது? காட்டு வேலைக்கும் போய்விட்டு வந்த பெண்கள்தான். நாம் "பாரம்பரிய உணவு" என்று ஸ்டேட்டஸ் போடும்போது இந்த உலக்கையை வசதியாக மறந்துவிடுகிறோம்.

இதோடு இன்னும் சில மாற்றங்கள் சேர்ந்தன. ராஜபாளையம் மில்ஸ் 1936-ல் தொடங்கியது. அதைத் தொடர்ந்து நூற்பாலைகள் பெருகி, ஊரே ஷிப்ட் நேரத்துக்கு மாறியது. காலையில் டிபன் பாக்ஸில் அடைக்க அரிசிச் சோறுதான் வசதி. அறுபதுகளின் கடைசியில் அதிக விளைச்சல் தரும் நெல் ரகங்கள் வந்தன. ரேஷன் அரிசி 2006-ல் கிலோ 2 ரூபாய், 2008-ல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம். குத்தவும் வேண்டாம், புடைக்கவும் வேண்டாம், காசும் வேண்டாம் என்றால் எந்த வீட்டில் கம்பு நிற்கும்?

இப்போ அரசு என்ன செய்கிறது?

மத்திய அரசு 2018-ஐ தேசிய சிறுதானிய ஆண்டாகவும், ஐ.நா. 2023-ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டாகவும் அறிவித்தன. தமிழ்நாட்டில் 2023 மே மாதம் தர்மபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் சோதனைத் திட்டம் தொடங்கியது. நம்ம பக்கத்துக்கு ஏற்றது கேழ்வரகை விட கம்பும் குதிரைவாலியும்தான் என்பது என் கருத்து.

சத்து உண்மையிலேயே அதிகமா?

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவுச் சத்துப் பட்டியல்படி, 100 கிராம் கம்பில் நார்ச்சத்து சுமார் 11.5 கிராம், இரும்புச்சத்து சுமார் 6.4 மில்லிகிராம். தீட்டிய பச்சரிசியில் நார்ச்சத்து 2.8 கிராம், இரும்புச்சத்து 0.65 மில்லிகிராம். ஆனால் கலோரி கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் "கம்பு சாப்பிட்டால் சுகர் ஓடிப்போயிரும்" என்று வரும் வாட்ஸ்அப் செய்தியை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீங்க. தைராய்டு பிரச்சினை இருக்கிறவங்க தினமும் சாப்பிடுவதற்கு முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

உரல் இல்லாம எப்படிச் செய்வது?

மிக்ஸி போதும். அம்மாச்சியிடம் அளவு கேட்டால் "கைதான்யா அளவு" என்றார். அதனால் நான் மூன்று தடவை சொதப்பிக் கண்டுபிடித்த அளவு இது. ஒரு டம்ளர் கம்பைக் கழுவிக் கல் அரித்து, துணியில் பரப்பி ஈரம் பாதி உலரவிடுங்க. மிக்ஸியில் போட்டு விட்டு விட்டு மூன்று, நான்கு சுற்று. தொடர்ந்து ஓடவிட்டால் மாவாகிவிடும் (முதல் தடவை எனக்கு ஆனது அதுதான்). தட்டில் கொட்டி ஊதினாலே உமி பறக்கும். சுளகு பிடிக்கத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் அவரைக் கூப்பிடுங்க.

மறுபடி அரைத்துச் சலித்தால் மேலே குருணை, கீழே மாவு. நாலு டம்ளர் தண்ணீரில் உப்புப் போட்டுக் கொதிக்கவிட்டு, முதலில் குருணையைப் போட்டுக் கிளறணும். அது முக்கால் பதம் வெந்த பிறகு, மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றணும். இந்த வரிசை மாறினால் கட்டி தட்டும். தீயைக் குறைத்து, அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருங்க. ஈரக் கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். குருணையை அரை மணி நேரம் ஊறவைத்தால் குக்கரிலும் செய்யலாம், ஐந்து விசில்.

ராத்திரி சூடாகச் சாப்பிட்டு, மிச்சத்தை ஆறவிட்டு உருண்டை பிடித்துத் தண்ணீரில் போடுங்க. காலையில் அந்தத் தண்ணியைக் கொட்டிவிடாதீங்க. அதுதான் நீச்சுத்தண்ணி, உப்புப் போட்டு முதலில் அதைக் குடித்துவிட்டுத்தான் சோற்றைக் கரைப்பார்கள். லேசாகப் புளிப்பதால் கம்பில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதும் கொஞ்சம் சுலபமாகும்.

கடையில் வாங்கும்போது இரண்டு விஷயம். பறவைத் தீவனத்துக்கு என்று விற்கும் கம்பை வாங்காதீங்க, சமையலுக்கானதா என்று கேட்டு வாங்குங்க. அதேபோல கம்பு மாவாக வாங்காமல் தானியமாக வாங்குங்க. கம்பில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் அரைத்த மாவு பத்து நாளைக்குள் கசந்துவிடும். முதல் தடவை சாப்பிட்டு "கம்புன்னாலே கசப்புதான்" என்று ஒதுக்குகிற பலருக்கும் கிடைத்தது அந்தப் பழைய மாவாகக்கூட இருக்கலாம்.

போன வாரம் நான் செய்ததை வீடியோ கால்ல அம்மாச்சிகிட்ட காட்டினேன். உத்துப் பார்த்துவிட்டு, "தண்ணி கூடிப்போச்சு" என்றார். அப்புறம், "அடுத்த தடவை வரும்போது அந்த மிக்சியை எடுத்துட்டு வாய்யா" என்றார்.