செருகினால் பாடுமா லினக்ஸ்?

ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கப் போய்ப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் விண்டோஸ் என்று போட்டிருக்கும், மேக் என்று போட்டிருக்கும். லினக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. கடைக்காரரைக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார். கம்பெனிக்கு எழுதினால், லினக்ஸுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று மரியாதையாகப் பதில் வரும். நமக்கு எதற்கு வம்பு என்று பலர் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள். ஆனால் அதே கருவியை லினக்ஸ் ஓடும் பழைய லேப்டாப் ஒன்றில் செருகிப் பாருங்கள். டிரைவர் கேட்காது, டவுன்லோடு கேட்காது, இமெயில் முகவரி கொடுத்துப் பதிவு செய் என்று படுத்தாது. பெரும்பாலான கருவிகள் சில நொடிகளில் தயாராகிவிடும்.

அப்படியானால் லினக்ஸில் சத்தம் வரவில்லை என்று இத்தனை பேர் புலம்புவது ஏன்? புலம்பல் நியாயம்தான், பழி போடுகிற இடம்தான் தப்பு. எல்லோரும் டிரைவரைத் தேடுகிறார்கள். கோளாறு அநேகமாக அங்கே இருப்பதில்லை. கேபிளில் இருக்கும், அல்லது டிரைவருக்கு மேலே உட்கார்ந்திருக்கும் மென்பொருள் அடுக்குகளில், கார்டு இப்போது யார் கையில் இருக்கிறது என்பதில் இருக்கும்.

இந்தக் கருவியே எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். லேப்டாப்பின் 3.5 மில்லிமீட்டர் ஜாக்கில் மைக்கைச் செருகிப் பேசினால் 'உஸ்' என்று ஓர் இரைச்சல் கூடவே வரும். ஸ்டுடியோ கண்டென்சர் மைக்குக்கு அந்த ஜாக் உதவவே உதவாது. அதற்கு 48 வோல்ட் பேண்டம் பவர் வேண்டும். இன்டர்ஃபேஸ் அந்த மின்சாரத்தைக் கொடுக்கிறது. மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கி, எண்களாக்கி, யுஎஸ்பி வழியே கணினிக்கு அனுப்புகிறது. திரும்பி வரும் எண்களை ஒலியாக்கி ஹெட்ஃபோனுக்குத் தருகிறது. யூடியூபுக்குக் குரல் கொடுப்பவர், ஒலிப்புத்தகம் வாசிப்பவர், வீட்டிலேயே வீணையைப் பதிவு செய்பவர் எல்லோருக்கும் வேண்டியது இதுதான்.

எண்களை யுஎஸ்பியில் எப்படி அனுப்ப வேண்டும் என்பதற்குப் பொது விதி ஒன்று இருக்கிறது. யுஎஸ்பி ஆடியோ கிளாஸ் என்று பெயர். முதல் பதிப்பு 1998-இல் வந்தது, விநாடிக்கு 12 மெகாபிட் ஓடும் பழைய யுஎஸ்பிக்காக. 2006-இல் வந்த இரண்டாம் பதிப்பு 480 மெகாபிட் வேகத்தைப் பயன்படுத்திக்கொண்டது. நிறைய சானல்களும் 192 கிலோஹெர்ட்ஸ் தரமும் அதனால்தான் சாத்தியமாயின. இந்த விதிப்படி செய்த கருவியைக் கிளாஸ் கம்ப்ளையண்ட் என்பார்கள். விதி தெரிந்த ஒரே டிரைவர் கணினியில் இருந்தால் போதும், கம்பெனிக்கு ஒரு டிரைவர் தேவையில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே அந்த டிரைவர் இருக்கிறது. இரண்டாம் பதிப்பையும் அது 2010-இலேயே கற்றுக்கொண்டது. விண்டோஸுக்கு அது வந்தது 2017-இல்! அதுவரை விண்டோஸ்காரர்கள் இரண்டாம் பதிப்புக் கருவிகளுக்குத் தனித்தனி டிரைவர் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

லினக்ஸ்காரர்களுக்கு எதிர்பாராத இடத்திலிருந்தும் உதவி வந்தது. ஐபேடில் அந்த நாளில் கம்பெனி டிரைவரை நிறுவ வழியே கிடையாது. விதிப்படி செய்த கருவி மட்டும்தான் வேலை செய்யும். ஐபேட் வாடிக்கையாளர்களை இழக்க மனமில்லாத கம்பெனிகள் ஒவ்வொன்றாக விதிக்குள் வந்தன. சொந்த டிரைவருக்குப் பேர்போன ஜெர்மனியின் ஆர்எம்இ கூடத் தன் பேபிஃபேஸில் கிளாஸ் கம்ப்ளையண்ட் முறை என்று ஒன்றைச் சேர்த்தது. லினக்ஸுக்காக யாரும் இதைச் செய்யவில்லை, பலன் மட்டும் நமக்குக் கிடைத்தது. ஆகவே பெட்டியில் லினக்ஸைத் தேடாதீர்கள், ஐபேடைத் தேடுங்கள். அது இருந்தால் பெரும்பாலும் தைரியமாக வாங்கலாம்.

விதிக்கு அடங்காத பிள்ளைகளும் உண்டு. ரோலண்டு, யமஹா கம்பெனிகளின் பல மாடல்கள் தங்கள் பாணியில்தான் பேசும். இன்ன எண்ணுள்ள கருவி வந்தால் இப்படி நடத்து என்று அவற்றுக்காகக் கெர்னலில் 'குவிர்க்ஸ்' என்ற நீளமான பட்டியலே எழுதிவைத்திருக்கிறார்கள். லினக்ஸின் ஒலி டிரைவர்களைக் கவனிக்க, செக் நாட்டின் யாரோஸ்லாவ் கைசெலா 1998-இல் தொடங்கிய ஆல்சா திட்டத்தின் பகுதி அது. நெடுங்காலமாக அதைக் கட்டிக்காப்பவர் சூசே கம்பெனியின் தகாஷி இவாய். புதுக் கருவி ஒன்று முரண்டு பிடித்தால், பல சமயம் இந்தப் பட்டியலில் ஒரு வரி சேர்த்ததும் வழிக்கு வந்துவிடும்.

விதிக்குள் இருந்தும் முழுசாக வசப்படாத கருவிக்கு ஸ்கார்லெட்டைச் சொல்லலாம். இங்கிலாந்தின் ஃபோகஸ்ரைட் தயாரிப்பு. வீட்டு ஸ்டுடியோக்களில் அடிக்கடி கண்ணில் படுகிற சிவப்பு டப்பா. இரண்டு மைக் செருகும் 2ஐ2-இல் சிக்கல் குறைவு, வேண்டிய பொத்தான்கள் முகப்பிலேயே இருக்கின்றன. மூன்றாம் தலைமுறை 4ஐ4-இல் சங்கதி வேறு. கிடாரைச் செருகினால் 'இன்ஸ்ட்' என்ற விளக்கு எரிய வேண்டும். விளக்கு முகப்பில் இருக்கிறது. அதை எரியவைக்கும் பொத்தான் இல்லை. கம்பெனியின் மென்பொருளில் சொடுக்கினால்தான் எரியும். அந்த மென்பொருள் விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டும். ஒலி வரும், போகும். ஆனால் எந்த உள்ளீடு எந்த வெளியீட்டுக்குப் போக வேண்டும் என்று லினக்ஸில் மாற்ற முடியாமல் இருந்தது. காசு கொடுத்து வாங்கியவர் கையில் சுவிட்ச் இல்லை என்றால் அது என்ன நியாயம்?

ஜெஃப்ரி பென்னட் என்ற புரோகிராமர் இதற்கு ஒரு வழி செய்தார். கம்பெனி மென்பொருள் கேபிள் வழியாகக் கருவிக்கு என்ன சொல்கிறது என்பதை ஒட்டுக்கேட்டு, எந்தச் சொடுக்குக்கு எந்த பைட் போகிறது என்று பிரித்தறிந்து, அதைக் கெர்னலுக்கான நிரலாக எழுதினார். இரண்டாம் தலைமுறை ஸ்கார்லெட்டுகளுக்கான பகுதி 2019-இல் கெர்னல் 5.4-இல் சேர்ந்தது, மூன்றாம் தலைமுறைக்கு 2021-இல், 5.14-இல். அதை இயக்க ஒரு கோப்பில் ஒரு வரி எழுத வேண்டியிருந்தது, 6.7 முதல் அந்தத் தொல்லையும் இல்லை. 6.8-இல் நான்காம் தலைமுறை வந்தது. திரையில் சொடுக்கி மாற்ற 'ஆல்சா ஸ்கார்லெட் ஜியூஐ' என்று அவரே ஒரு செயலியும் எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்றாம் தலைமுறையில் இன்னொரு விசித்திரம் உண்டு: புதுக் கருவியைச் செருகினால் திரையில் பென் டிரைவ் போல ஒன்று எட்டிப்பார்க்கும். அந்த நிலையில் சில வசதிகள் திறக்காது. 48 வோல்ட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே கேபிளைச் செருகினால் அது விலகிவிடும்.

இனி மேலடுக்குகள். ஆல்சாவை ஒரு செயலி நேராகப் பிடித்தால் வழக்கமாகக் கார்டு முழுவதும் அதன் வசம் போய்விடும். இன்னொன்று கேட்டால் 'டிவைஸ் பிஸி' என்று பதில் வரும். பிரௌசரில் பாட்டும் ஓட வேண்டும், பதிவும் நடக்க வேண்டும் என்றால் நடுவில் ஒரு பங்கீட்டாளர் வேண்டும். சாதாரணப் பயனர்களுக்காக லெனார்ட் போட்டரிங் பல்ஸ்ஆடியோவை எழுதினார். இசைக்காரர்களுக்காகப் பால் டேவிஸ் ஜாக் என்ற மென்பொருளை எழுதினார். டேவிஸ், அமேசான் தொடங்கிய நாளில் அங்கே இருந்த முதல் புரோகிராமர்களில் ஒருவர். பிறகு ஆர்டோர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் இறங்கியவர். பல்ஸ்ஆடியோவும் ஜாக்கும் ஒரே கார்டுக்குச் சண்டை போட்ட அந்த ஆண்டுகளில்தான் லினக்ஸ் ஒலிக்குக் கெட்ட பெயர் வந்தது. ஒன்றைக் கொன்றால்தான் மற்றது எழும்.

சண்டையைத் தீர்த்தது பைப்வயர். ரெட் ஹேட்டின் விம் டேமன்ஸ் 2015-இல் வீடியோவுக்காகத் தொடங்கிய வேலை அது. பல்ஸ்ஆடியோவுக்கு எழுதிய செயலியிடம் அதன் மொழியிலும், ஜாக்குக்கு எழுதிய செயலியிடம் அதன் மொழியிலும் பேசும். லினக்ஸ் வகைகளில் 2021-இல் ஃபெடோரா 34 இதை ஒலிக்கு ஏற்றுக்கொண்டது. 2022-இல் உபுண்டு 22.10. ஆகவே உங்கள் கணினியில் அதற்கு முந்தைய பதிப்பு ஓடிக்கொண்டிருந்தால், எதையும் நோண்டுவதற்கு முன் அதைப் புதுப்பியுங்கள். பல்ஸ்ஆடியோவை நீக்கு, ஜாக்கைப் போடு என்று சொல்லும் பழைய வழிகாட்டிகளைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். பைப்வயர் ஓடும் கணினியில் அவை நல்லதைக் கெடுக்கும்.

சத்தம் வரவில்லையா? கீழிருந்து மேலே போக வேண்டும். டெர்மினலில் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையை அடித்தால் செருகியிருக்கும் கருவிகளின் பட்டியல் வரும். ஃபோகஸ்ரைட் என்றால் 1235 என்று தொடங்கும் எண் தெரியும். அங்கே பெயர் இல்லையென்றால் எந்த மென்பொருளும் உதவாது, கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் ஏற்ற மட்டும் ஆகிற கேபிளில் விளக்கு எரியும், டேட்டா போகாது. பலரைச் சுற்றலில் விடுவது இதுதான். தனி மின்சாரம் இல்லாத ஹப்பில் செருகி, 48 வோல்ட் பொத்தானை அழுத்தியதும் கார்டு காணாமல் போவதும் உண்டு. நேராக லேப்டாப்பிலேயே செருகுவது நல்லது.

பட்டியலில் பெயர் இருந்தால் அடுத்த படி. ஏபிளே கட்டளையோடு 'எல்' என்ற சிற்றெழுத்துத் தெரிவைச் சேர்த்தால் ஆல்சா அறிந்த கார்டுகள் வரிசையாக வரும். அங்கும் இருந்தால் டிரைவர் தன் வேலையை முடித்துவிட்டது என்று அர்த்தம். கார்டுக்குக் கொடுத்த எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். இன்று எச்டிஎம்ஐ 0, இன்டர்ஃபேஸ் 1 என்று இருக்கும்; மறுபடி பூட் செய்தால் இடம் மாறியிருக்கலாம். எங்கே குறிப்பிட்டாலும் பெயரைச் சொல்லியே குறிப்பிடுங்கள்.

இதற்குப் பிறகும் லேப்டாப் ஸ்பீக்கரிலேயே பாட்டு வந்தால், செட்டிங்ஸில் வெளியீட்டை மாற்றாததுதான் காரணம். பாவுகன்ட்ரோல் என்ற சின்னச் செயலியில் கார்டின் புரொஃபைலை 'புரோ ஆடியோ' என்று மாற்றினால் கருவியின் எல்லா சானல்களும் தனித்தனியாகத் தெரியும். இன்னொரு புகார்: பேசியது இடது காதில் மட்டும் கேட்கிறது! அது கோளாறே இல்லை. முதல் மைக் இடது சானல், இரண்டாவது மைக் வலது சானல். ஒரு மைக்கில் பேசும்போது ஸ்டீரியோவாகப் பதிவு செய்யாமல் மோனோ டிராக்காக எடுத்தால் இரண்டு காதிலும் வரும்.

கடைசியில் வருவது 'டிக் டிக்' என்ற வெடிப்புச் சத்தம். பந்தியில் சாம்பார் வாளியோடு வருபவரை நினைத்துக்கொள்ளுங்கள். சின்ன வாளி சீக்கிரம் நிரம்பும், சீக்கிரம் வந்துவிடுவார். ஆனால் அடிக்கடி ஓட வேண்டும், சமையற்கட்டில் ஒரு கணம் தடைபட்டால் இலை காய்ந்துவிடும். பெரிய வாளி நிரம்ப நேரமாகும், தட்டுப்பாடு வராது. பஃபர் என்பது இந்த வாளிதான். 48,000 சாம்பிள் வேகத்தில் 1024 என்று வைத்தால் ஒரு வாளிக்கு 21 மில்லிவிநாடி. 256 என்றால் 5.3, 128 என்றால் 2.7. போய் வருகிற மொத்தத் தாமதம் இதைவிட அதிகம். மிருதங்கத்தில் தட்டியது ஹெட்ஃபோனில் பிந்தி வந்தால் வாசிப்பவர் கை தடுமாறும். அதற்காக எல்லோரும் 128-க்கு இறங்க வேண்டியதில்லை. குரல் மட்டும் பதிவு செய்பவர் 1024-லேயே விட்டுவிட்டு, கருவியில் உள்ள 'டைரக்ட் மானிட்டர்' சுவிட்சைப் போட்டுக்கொண்டால் போதும். மைக்கின் ஒலி கணினிக்குப் போய்ச் சுற்றாமல் நேராகக் காதுக்கு வரும். இந்த ஒரு சுவிட்சைக் கவனிக்காமல் கெர்னலை மாற்றக் கிளம்புகிறவர்கள் உண்டு.

மென்பொருள் இசைக்கருவிகளைக் கீபோர்டில் வாசிப்பவருக்குத்தான் சின்ன பஃபர் உண்மையில் தேவை. பிடபிள்யூ-டாப் என்ற கட்டளையை ஓடவிட்டு, பிழைகளைக் காட்டும் பத்தியைப் பாருங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் வாளியைப் பெரிதாக்குங்கள். ஏறாவிட்டால் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். நேரம் தவறாமல் வேலையை முடிக்கும் ரியல்டைம் கெர்னலுக்கு ஓடுவது இதெல்லாம் பலிக்காதபோதுதான். இருபது ஆண்டுகளாகத் தனித் திருத்தங்களாகவே சுற்றிக்கொண்டிருந்த அந்த ரியல்டைம் வசதி, 2024-இல் கெர்னல் 6.12-இல் முறையாகச் சேர்ந்தது. அதைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பத்தை வியன்னாவில் நடந்த கூட்டத்தில் தங்க நிறக் காகிதத்தில் சுற்றி லினஸ் டோர்வால்ட்ஸ் கையில் கொடுத்தார்கள்.

இதற்காக இருக்கிற விண்டோஸை அழிக்க வேண்டுமா என்று தயங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. உபுண்டு ஸ்டுடியோவை 16 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை பூட் செய்யுங்கள். ஹார்டு டிஸ்க்கைத் தொட வேண்டியதில்லை. ஆர்டோர் அதில் முன்பே இருக்கிறது. இன்டர்ஃபேஸைச் செருகி, ஒரு மோனோ டிராக் திறந்து, ஐந்து நிமிடம் பேசிப் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். பிடித்திருந்தால் நிறுவுங்கள், பிடிக்காவிட்டால் பென் டிரைவைக் கழற்றிவிடுங்கள்.