அலாய் வீல் வாங்கும் முன்: கடையில் கேட்காத இரண்டு எண்கள்

அலாய் வீல் மாத்தணும்னு கடைக்குப் போனா முதல்ல வர்றது ரெண்டே கேள்விதான். எத்தனை இஞ்ச்? எத்தனை ஹோல்? பதில் சொன்னதும் பத்து டிசைனை எடுத்து அடுக்கிடுவாங்க. ஆனால் மாட்டிய பிறகு தொந்தரவு கொடுப்பவை பெரும்பாலும் கேட்காமல் விட்ட ரெண்டு எண்கள்: சென்டர் போர், ஆஃப்செட்.

முதலில் ஹோல் கணக்கை முடித்துவிடுவோம். நட்டுத் துளைகளின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டம்தான் பிசிடி. ஹோண்டா சிட்டிக்கு 4x100. இன்னோவாவுக்கு 5x114.3, அந்த விநோதமான எண் வேறொன்றுமில்லை, நாலரை அங்குலம். ஃபியட் புன்ட்டோவுக்கு 4x98. ‘ரெண்டு மில்லிமீட்டர்தானே’ என்று 100 வீலை அதில் மாட்டினால் ஒவ்வொரு துளையும் 1 மி.மீ. தள்ளி நிற்கும். முறுக்கினால் உட்கார்ந்த மாதிரிதான் தெரியும். உள்ளே போல்ட் சாய்வாக இழுபட்டிருக்கும், ஓட ஓடத் தளரும்.

சென்டர் போர் என்பது வீலின் நடு ஓட்டை. சிட்டியின் ஹப் 56.1 மி.மீ. வெளிச்சந்தை வீல்களில் பல 73.1 மி.மீ.யில் வருகின்றன, ஒரே வீல் பல வண்டிக்கும் பொருந்தட்டும் என்று. அப்போ சுற்றிலும் எட்டரை மி.மீ. காலி. அதை நிரப்ப ஹப் ரிங் என்று ஒரு வளையம் உண்டு. விலை சொற்பம், ஆனாலும் பல இடங்களில் போடாமலே அனுப்பிவிடுவார்கள். பிறகு 80, 90 வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும், நாம் பேலன்சிங் பேலன்சிங்னு காசு கொடுத்துக்கிட்டே இருப்போம். பேலன்சிங் மெஷின் தன் கூம்பில் வீலை நடுவாகப் பிடித்துக்கொள்வதால் அங்கே எல்லாம் சரியாகவே காட்டும்.

அடுத்து ஆஃப்செட். என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியமானது. ரிம்மின் அகலத்துக்கு நட்டநடுவே ஒரு கோடு. ஹப்பில் ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதே இந்த எண். வீலில் ‘ஈடி 45’ என்பது போல அச்சிட்டிருக்கும். எண் குறையக் குறைய வீல் வெளியே வரும்.

ஒரு கணக்கு போடலாம். பழைய வீல் 6 இஞ்ச் அகலம், ஈடி 45. புதுசு 7 இஞ்ச், ஈடி 35. அகலம் ஒரு இஞ்ச் கூடியதில் இருபுறமும் 12.7 மி.மீ. ஆஃப்செட் குறைந்ததில் வெளிப்பக்கம் இன்னும் 10. ஆக ரிம் விளிம்பு 22.7 மி.மீ. வெளியே வருகிறது, உள்ளே ஸ்ட்ரட் பக்கம் 2.7 மட்டும் நெருங்குகிறது. பார்க்க கெத்தாத்தான் இருக்கும். ஆனால் பின்சீட்டில் மூணு பேர் ஏறி ஸ்பீட் பிரேக்கரில் இறங்கும்போது டயர் வீல் ஆர்ச்சில் உரசலாம். வீல் பேரிங் மேல் சுமை கூடும், பள்ளத்தில் விழுந்தால் ஸ்டீயரிங் கையில் இழுக்கும்.

டயர் உயரம் அவ்வளவு சிக்கலில்லை. 175/65 ஆர்15 டயரின் விட்டம் 608.5 மி.மீ., 185/55 ஆர்16க்கு 609.9. சிட்டியில் இந்த ரெண்டு சைஸுமே வந்திருக்கின்றன. ரிம் பெரிசானால் டயரின் பக்கச்சுவர் குட்டையாகணும், அவ்வளவுதான். நம்ம ரோட்டுப் பள்ளங்களுக்கு அது எவ்வளவு தாங்கும் என்பது வேற விஷயம்.

நட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹோண்டாவின் கம்பெனி நட்டுக்கு அடிப்பக்கம் உருண்டை. வெளிச்சந்தை வீல்களில் பெரும்பாலும் கூம்பு வடிவப் பள்ளம். பழைய நட்டையே போட்டால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும்தான் பிடிக்கும். புது வீலோடு கூம்பு நட்டும் கேட்டு வாங்கணும்.

காசு கொடுப்பதற்கு முன் ஒரு முன்வீலை டயரோடு மாட்டச் சொல்லி, ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடித்துப் பாருங்கள். ஸ்ட்ரட்டுக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்று கைவிட்டே பார்த்துவிடலாம்.