கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாரே, அவரைப் பாருங்கள்!

கதவை மெல்லத் தள்ளுங்கள். நாம் லண்டனில் இருக்கிறோம், கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில். 1852-இல் தொடங்கியது. ‘பீட்டர் பேன்’ எழுதிய ஜே.எம். பேரி 1929-இல் அந்தக் கதையின் உரிமையையே தூக்கிக் கொடுத்தாரே, அதே ஆஸ்பத்திரிதான்! இதய ஆபரேஷன் முடிந்த குழந்தையை தியேட்டரிலிருந்து ஐசியுவுக்குக் கொண்டுவந்து ஒப்படைக்கும் அந்தப் பத்து நிமிடத்தைத்தான் எட்டிப் பார்க்கப் போகிறோம். கற்பனையில்தான் போகிறோம் என்றாலும் எனக்கு இப்போதே படபடக்கிறது.

வந்துவிட்டது படுக்கை! அதில் ஒரு கைக்குழந்தை. அதைச் சுற்றி எத்தனை ஒயர், எத்தனை டியூப்! வழியில் கையால் அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டு வந்ததை நிறுத்திவிட்டு வென்டிலேட்டரில் பொருத்த வேண்டும். மானிட்டர் ஒயர்களைக் கழற்றி இந்தப் பக்கம் மாட்ட வேண்டும். சொட்டுச் சொட்டாக மருந்து தள்ளும் சிரிஞ்ச் பம்ப் ஒரு நொடியும் நிற்கக் கூடாது. நெஞ்சிலிருந்து வரும் டிரெயின் குழாயைப் பாருங்கள். அது கட்டில் கம்பியில் மாட்டி மடங்கிவிட்டால் ரத்தம் வெளியே வர வழியில்லாமல் இதயத்தைச் சுற்றித் தேங்கி, இதயத்தையே அமுக்கிவிடும். இத்தனைக்கும் நடுவில் கதையையும் சொல்லி முடிக்க வேண்டும்: என்ன செய்தார்கள், எவ்வளவு ரத்தம் போயிற்று, எந்த மருந்து எந்த அளவில் ஓடுகிறது, ராத்திரி எதற்குப் பயப்பட வேண்டும். சொல்கிறவர்கள் மணிக்கணக்காக நின்று களைத்தவர்கள். கேட்கிறவர்களுக்கோ குழந்தை புதிது.

முன்பெல்லாம் இது கல்யாணப் பந்தியில் இடம் பிடிக்கிற மாதிரிதான் நடந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் கை வைப்பார்கள், ஒரே நேரத்தில் பேசுவார்கள். இத்தனைக்கும் அங்கே திறமைக்குப் பஞ்சமே இல்லை! அதே ஆஸ்பத்திரியின் அறுவை நிபுணர் மார்க் டி லெவால் தலைமையில் ஓர் ஆய்வு 2000-இல் வெளியானது. பிறக்கும்போதே இடம் மாறியிருக்கும் இரண்டு பெரிய ரத்தக் குழாய்களைச் சரிசெய்யும் ஆபரேஷன் பற்றியது. பிரிட்டனின் 16 மையங்கள், 21 அறுவை நிபுணர்கள், 243 ஆபரேஷன்கள். பெரிய சிக்கல் வந்தால் குழுவே உஷாராகிப் பெரும்பாலும் சமாளித்துவிடுகிறது என்று தெரிந்தது. சின்னச் சின்னச் சறுக்கல்களோ யார் கண்ணிலும் படாமல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து குழந்தையின் உயிருக்கே உலை வைத்தன. இந்த ஆய்வை நினைத்தால் எனக்கு இன்றும் திக்கென்கிறது.

இப்போதுதான் நம் கதையில் சிவப்புக் கார் சீறிக்கொண்டு வருகிறது!

இதே ஆஸ்பத்திரியின் அறுவை நிபுணர் மார்ட்டின் எலியட்டும் ஐசியு நிபுணர் ஆலன் கோல்ட்மேனும் ஒரு நீண்ட ஆபரேஷன் முடிந்து டிவி முன்னால் சாய்ந்தார்கள். ஃபார்முலா ஒன் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. பந்தயத்தின் நடுவே டயர் மாற்றும் இடமான ‘பிட்’டுக்குள் கார் வந்து நிற்கிறது. ஏறக்குறைய இருபது பேர் பாய்கிறார்கள். டயர் மாறுகிறது, பெட்ரோல் நிரம்புகிறது, ஏழெட்டு நொடியில் கார் பறந்துவிடுகிறது. யாரும் யார் மேலும் இடித்துக்கொள்ளவில்லை, யாரும் கத்தவில்லை. ‘நாம் செய்வதும் இதேதானே!’ என்று இருவருக்கும் பொறி தட்டியது. சும்மா வியந்துவிட்டுப் போகாமல் ஃபெராரிக் குழுவையே தேடிப் போனார்கள்! மனிதத் தவறுகளை ஆராயும் கென் கேட்ச்போலும் சேர்ந்துகொண்டார். ஐசியுவில் ஒப்படைப்பு நடப்பதை வீடியோ எடுத்து ஃபெராரிக்காரர்களிடம் போட்டுக் காட்டினார்கள். அவர்களுக்குக் கொஞ்சமும் திருப்தியில்லை. இங்கே யார் தலைவர் என்பதே அவர்களுக்குப் பிடிபடவில்லை.

அந்நாளில் பிட்டில் அந்தச் சந்தேகமே வராது. நீளக் கம்பில் ஒரு பலகையைப் பிடித்தபடி காருக்கு முன்னால் ஒருவர் நிற்பார், லாலிபாப் மேன். அவர் ஒரு டயரைக்கூடத் தொடமாட்டார். மொத்தத்தையும் பார்ப்பது மட்டுமே அவர் வேலை. அவர் பலகையைத் தூக்கினால்தான் கார் நகரும். (2008 சிங்கப்பூர் பந்தயத்தில் அந்த ஆளுக்குப் பதிலாக ஃபெராரி விளக்கு வைத்திருந்தது. பச்சை முந்திக்கொண்டு எரிந்ததில் அதன் ஓட்டுநர் மாசாவின் கார் பெட்ரோல் குழாயையும் பிடுங்கி இழுத்துக்கொண்டே ஓடியது!)

அந்த லாலிபாப் மேனை ஐசியுவுக்குள் கொண்டுவந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். மயக்க மருந்து நிபுணர்தான் ஒப்படைப்புக்குத் தலைவர். பிறகு அந்தப் பொறுப்பு ஐசியு நிபுணரிடம் போகும். இருவரும் அவ்வப்போது ஓரடி பின்னால் தள்ளி நின்று மொத்தப் படுக்கையையும் பார்த்தே ஆக வேண்டும். ஒரு நிபுணர் கை வேலை செய்யாமல் நிற்கிறாரே என்று யாரும் முகம் சுளிக்கக் கூடாது, அந்த நிமிடத்தில் அதுதான் அவருடைய வேலை! டிரெயின் மடங்கியிருப்பது அவர் கண்ணில்தான் முதலில் படும்.

மற்றதெல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தது. குழந்தையின் விவரம் எழுதிய படிவம் முன்னாலேயே வந்துவிடும், வென்டிலேட்டர் அதற்கேற்பத் தயாராகக் காத்திருக்கும். முதலில் கருவிகள், யார் எதைப் பொருத்துவது என்பது அவரவருக்குத் தெரியும். அதுவரை வீண் பேச்சு கிடையாது. அப்புறம் மயக்க மருந்து நிபுணரும் அறுவை நிபுணரும் விவரம் சொல்ல, எல்லோரும் குறுக்கிடாமல் கேட்பார்கள். அதற்குப் பிறகுதான் கேள்வியும் அடுத்த திட்டமும்.

பலன்? மாற்றத்துக்கு முன் 23 ஒப்படைப்புகள், பின் 27 என்று கண்காணித்து 2007-இல் வெளியிட்டார்கள். ஓர் ஒப்படைப்புக்குச் சராசரியாக 5.42 ஆக இருந்த கருவித் தவறுகள் 3.15 ஆயின. சொல்லாமல் விட்ட தகவல்கள் 2.09-இலிருந்து 1.07. இவ்வளவு ஒழுங்கு வைத்தால் நேரம் இழுக்கும் என்றுதானே நினைப்போம்? 10.8 நிமிடம் 9.4 ஆகக் குறைந்திருக்கிறது!

இந்த ஜுரம் மற்ற இடங்களுக்கும் பரவியது. 2016-இல் வேல்ஸின் கார்டிஃப் நகரில், மூச்சுவிடத் திணறும் பச்சிளங்குழந்தையைக் காப்பாற்றும் குழு வில்லியம்ஸ் பந்தய அணியோடு கைகோத்தது. அவசர டிராலியில் எந்தச் சாமான் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற மாதிரி அடுக்கினார்கள். வாய்ப்பேச்சைக் குறைத்துக் கைச்சைகைக்கு மாறினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பிட்டில் இருப்பது போலவே தியேட்டர் தரையிலும் குழுவுக்கென்று இடம் வரைந்துவிட்டார்கள். அந்தத் தரையை ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் எனக்கு!