ஹாஸ்டல் சோறும் சட்டத்தின் பொறுப்பும்

பெருந்தொற்றின் இரண்டாவது அலை ஓய்ந்து, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்து ஆலைகள் இழந்த உற்பத்தியை மீட்பதில் முனைந்திருந்த 2021 டிசம்பரில், பூந்தமல்லிக்கு அருகே ஆப்பிளுக்காக ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த ஹாஸ்டல் ஒன்றில் உணவு விஷமாகி, 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். சிலரைப் பற்றிச் செய்தி கிடைக்காமற்போகவே மரண வதந்தி பரவிற்று. 17-ஆம் தேதி இரவு முதல் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பெண்கள் அமர்ந்துவிட்டார்கள். ஆலை மூடப்பட்டு, ஜனவரி 12-ல்தான் மறுபடி திறந்தது. தங்குமிடங்களிலும் உணவுக்கூடங்களிலும் சில தன் நியதிக்கு ஒத்திருக்கவில்லை என்பதை ஆப்பிளே ஒப்புக்கொண்டது. ஐபோன் செய்யும் பெண்கள் நல்ல சோற்றுக்காகச் சாலை மறிக்க நேர்ந்ததே, இதில் எனக்கு மிகவும் விசனம் தரும் அம்சம்.

கம்பெனியைக் கேட்டால் கான்ட்ராக்டரையும், கான்ட்ராக்டரைக் கேட்டால் ஹாஸ்டல்காரரையும் காட்டுவது எளிது. ஆனால் சட்டம் அப்படி நழுவ விடுவதில்லை. கான்ட்ராக்டர் கூலி தராவிட்டால் அதைத் தரவேண்டியவர் முதன்மை முதலாளி, அதாவது கம்பெனியே. பெண்கள் விடுதி எதுவாயினும், 2014-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி கலெக்டரிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அந்த உரிமம் உண்டா என்று கேட்கும் உரிமை அங்கே படுத்துறங்கும் பெண்ணுக்கு இல்லாமல் வேறு யாருக்கு?

நோயுற்றாலும் சட்டத்தின் துணை உண்டு. மாதம் 21,000 ரூபாய்க்கு மிகாத சம்பளக்காரரிடம் இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டுக்கென 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் செலுத்துகிறார். உரிய நாட்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருப்பின், நோயுற்றவருக்கு ஆண்டில் 91 நாள் வரை கூலியில் 70 சதவீதமும், முதலிரு பிரசவங்களுக்கு 26 வாரச் சம்பளத்துடன் விடுப்பும் அதிலிருந்தே கிடைக்கும். ஆகவே ஜுரத்தோடு ஷிப்டுக்குப் போவது விசுவாசமல்ல, வீண் நஷ்டம்.

பாலியல் தொந்தரவு நேர்ந்தால் மூன்று மாதத்துக்குள் கம்பெனியின் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்தில் புகார் தரலாம். கான்ட்ராக்ட் ஊழியர் என்பதற்காக அதைத் தள்ள முடியாது. அவசரத்துக்கு 181 என்ற மகளிர் உதவி எண் உண்டு.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர் 18,720 பேருக்கான, அரசின் சிப்காட் குடியிருப்பு திறக்கப்பட்டது நற்செயலே. எனினும் வேலையோடு பிணைந்த படுக்கை, வேலை போகும் நாளில் கூடவே போய்விடக்கூடும். எனவே நியமனக் கடிதம், பே-ஸ்லிப், இ.எஸ்.ஐ. எண், கான்ட்ராக்டரின் முழுப்பெயர், விலாசம் ஆகியவற்றின் நகல் ஊரிலுள்ள வீட்டிலும் ஒன்று இருக்கட்டும்.