காப்புறுதி ஏஜண்ட் சொல்வதை நம்பலாமா?

சம்பளம் போட்ட கையோடு காப்புறுதி ஏஜண்டுமார் லயங்களுக்கு வருவது தெரிந்ததே. அவர்களும் பிழைப்புக்கு நடப்பவர்கள்தான். எல்லோரும் ஏமாற்றுக்காரர் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் நாம் கட்டும் காசில்தான் அவர்களுக்குக் கமிஷன். அதிலும் முதல் வருடக் கட்டுப்பணத்தில்தான் கூடுதலாகக் கிடைக்கும். ஆகவே பெரிய தொகைக்குப் போடச் சொல்வார்கள். கொழுந்து குறைந்த மாதத்தில் எப்படிக் கட்டுவது என்ற யோசனை நமக்குத்தான் வர வேண்டும். ஒரு வருடம் கட்டிவிட்டு நிறுத்தினால் கட்டிய காசு பெரும்பாலும் திரும்பி வராது.

இதைவிட மோசமான விசயம் ஒன்று. விண்ணப்பத்தை ஏஜண்டே நிரப்புவார், நாம் கையெழுத்து மட்டும் வைப்போம். "சீனி வருத்தம், பிரஷர் எல்லாம் எழுத வேணாம், எழுதினா எடுக்க மாட்டாங்க" என்பார். அவருக்குக் கமிஷன் வந்துவிடும். நாளைக்கு வீட்டுக்காரர் தவறிப் போனால், கிளினிக் கொப்பியைப் பார்த்துக் கம்பனி பணம் தர மறுக்கலாம். கையெழுத்து நம்முடையதுதானே! வருத்தம் இருந்தால் இருக்கிறபடி எழுதச் சொல்லுங்கள். புரியாத மொழியில் இருந்தால், படித்த பிள்ளைகள் வாசித்துச் சொன்ன பிறகு கையெழுத்து வையுங்கள்.

ஆயுள் காப்புறுதிப் பத்திரம் கைக்குக் கிடைத்து 21 நாட்களுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து விலகலாம். கம்பனியின் செலவு போக மிச்சக் காசு திரும்பக் கிடைக்கும். இதைப் பல ஏஜண்டுமார் வாய் திறந்து சொல்வதில்லை. தோட்டத்துக் கடிதங்கள் ஆபீசில் கிடப்பது தெரிந்த கதை. ஆகவே பத்திரம் கைக்கு வந்த தேதியை உறை மேலேயே எழுதி வையுங்கள்.