கிண்ணத்தில் வளர்ந்த விடை: ‘ட்விங்க்’ ஆலன்

சினைக் குதிரையின் இரத்தத்தைப் பருவமடையாத எலிக்கு ஊசியாகப் போட்டால் எலியின் சினைப்பை வேகமாக முதிர்கிறது என்று 1930-இல் கலிஃபோர்னியாவில் ஹெரால்ட் கோல், ஜார்ஜ் ஹார்ட் இருவரும் கண்டார்கள். அந்த இரத்தத்தில் இருந்த ஹார்மோன் விசித்திரமானது. சினைபிடித்த 40-ஆம் நாள் வாக்கில் தலைகாட்டும். 60, 70 நாளில் உச்சத்துக்குப் போகும். 120-ஆம் நாள் நெருங்கும்போது காணாமல் போய்விடும். அது சுரக்கும் இடமும் பின்னர் தெரிந்தது. கருப்பையின் உள்சுவரில் குழிந்த கிண்ணங்கள் போல எழும் திட்டுகள்தான் அந்த இடம். தாயின் கருப்பையில் இருப்பதால் தாயின் திசு என்றே பாடநூல்கள் எழுதின.

அது தாயுடையது அல்ல, வயிற்றுக்குள் இருக்கும் குட்டியுடையது என்று நிரூபித்த கால்நடை மருத்துவர் டபிள்யூ. ஆர். ஆலன். ‘ட்விங்க்’ என்று சொன்னால்தான் குதிரை உலகத்துக்குத் தெரியும். 2021 ஜூனில், 80 வயதில் காலமானார். ஜாக்கி ஃபிராங்கி டெட்டோரியின் மாமனார் என்ற அடையாளமும் அவருக்கு உண்டு. அறிவியல் அவரை நினைக்க வேறு காரணம் இருக்கிறது.

நியூசிலாந்துக்காரர். சிட்னியில் கால்நடை மருத்துவம் படித்து, ஆராய்ச்சிக்குக் கேம்பிரிட்ஜ் வந்து, இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். குதிரைக் கருவைச் சுற்றி மெல்லிய பட்டை ஒன்று உருவாவதை அவர் கவனித்தார். அந்தப் பட்டையின் செல்களைப் பிரித்தெடுத்து, ராபர்ட் மூருடன் சேர்ந்து ஆய்வகத் தட்டில் வளர்த்தார். தாயின் திசு துளிகூட இல்லாத அந்தத் தட்டில் ஹார்மோன் சுரந்தது. 1972-இல் முடிவு வெளியானது. 36-ஆம் நாளை ஒட்டி இந்தச் செல்கள் கருவிலிருந்து கழன்று, கருப்பைச் சுவருக்குள் புகுந்து, அங்கேயே குடியேறிக் கிண்ணங்களாகின்றன என்பது அடுத்த ஆண்டு தெளிவானது.

இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. குட்டியின் செல்லில் பாதி மரபணு தந்தையுடையது. தாயின் உடலுக்கு அது அந்நியம். வேறொருவரின் சிறுநீரகத்தைப் பொருத்தினால் உடல் எதிர்ப்பதுபோல, இதையும் எதிர்க்க வேண்டும். எதிர்க்கத்தான் செய்கிறது: தாயின் வெள்ளையணுக்கள் கிண்ணங்களைச் சூழ்ந்து மெல்ல அழித்துவிடுகின்றன. ஹார்மோன் மறைவது அதனால்தான். ஆனால் குட்டிக்கு ஒன்றும் ஆவதில்லை. கிண்ணத்தை அழிக்கும் உடல் குட்டியை மட்டும் ஏன் விட்டுவைக்கிறது? ஆலனும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக டக்ளஸ் ஆன்ட்சாக்கும் ஆண்டுக்கணக்கில் இந்தக் கேள்வியைத் துரத்தினார்கள்.

அதற்குக் கழுதை கைகொடுத்தது. பெட்டைக் குதிரையின் வயிற்றில் கோவேறு கழுதைக் குட்டி வளர்ந்தால் ஹார்மோன் குறைவு. ஆண் குதிரைக்குச் சினையான பெண் கழுதையிடமோ ஏராளம். சுரப்பின் அளவில் தகப்பனின் கை இருக்கிறது என்று பொருள். முழுக்கழுதைக் கருவையே குதிரையின் கருப்பையில் வைத்துப் பார்த்தார் ஆலன். கிண்ணங்களே உருவாகவில்லை, பெரும்பாலான கருக்கள் 100 நாளுக்குள் கலைந்தன. வரிக்குதிரைக் கருவையும், மங்கோலியப் புல்வெளியின் பிரெவால்ஸ்கி குதிரைக் கருவையும் சாதாரணக் குதிரையில் வைத்துக் குட்டி ஈன வைத்த குழுவிலும் அவர் இருந்தார்.

கரு மாற்றுக்கு அன்று இருந்த வசதியை நினைத்தால் சிரிப்பு வரும். 1970-களில் கேம்பிரிட்ஜிலிருந்து போலந்தின் கிராகோவுக்குக் குதிரைக் கருக்களைக் கொண்டுபோனது முயலின் கருக்குழாய்க்குள் வைத்துத்தான். உயிருள்ள முயலைவிட நல்ல வெப்பப் பெட்டி அப்போது கிடையாது.

1989 முதல் 2007 வரை, பந்தயக் குதிரைகளின் தலைநகரான நியூமார்க்கெட்டில் குதிரை இனப்பெருக்க ஆய்வகத்துக்குத் தலைமை தாங்கினார். அங்கே பணக்காரப் பண்ணையாளர்களுக்குத் தேவைப்பட்டது தத்துவம் அல்ல, குட்டி. வட அரைக்கோளத்தில் எல்லாப் பந்தயக் குதிரைகளுக்கும் ஜனவரி 1 அன்றே ஒரு வயது கூடுகிறது. அதனால் ஆண்டின் தொடக்கத்திலேயே குட்டி பிறக்க வேண்டும்; குதிரை இயல்பாகப் பருவத்துக்கு வருவதோ வசந்தத்தில். லாயத்தில் இரவிலும் விளக்கெரித்துக் கோடை என்று நம்பவைப்பது, புரோஸ்டாகிளாண்டின் ஊசியால் பருவத்தை முன்கூட்டி வரவழைப்பது என இன்று பண்ணைகளில் சாதாரணமாகிவிட்ட முறைகள் பல. அந்த ஊசி குதிரையிடம் எப்படி வேலை செய்கிறது என்று தொடக்கத்திலேயே ஆராய்ந்தவர்களில் ஆலனும் ஒருவர்.

ஒட்டகத்தையும் யானையையும்கூட அவர் விடவில்லை. ஒட்டகத்துக்கும் லாமாவுக்கும் 1998-இல் துபாயில் பிறந்த ‘காமா’வைத்தான் உலகம் வேடிக்கை பார்த்தது. லுலு ஸ்கிட்மோர் முன்னின்று நடத்திய அந்த முயற்சியில் ஆலனுக்கும் பங்குண்டு. என்னைக் கேட்டால், அது வேடிக்கை. தட்டில் வளர்த்த செல்தான் சாதனை. குதிரையை நகலாக்கும் திட்டத்துக்கு 2004-இல் பிரிட்டன் உள்துறை அனுமதி மறுத்தபோது அவர் பொருமியது தனிக் கதை.

கரு மாற்றத்தால் போலோ குதிரை வளர்ப்பவர்கள் நிறையவே பலனடைந்தார்கள். தரோபிரெட் பந்தயக் குதிரைகளின் பதிவேட்டில் மட்டும், கரு மாற்றத்தால் பிறந்த குட்டிக்கும் செயற்கைக் கருவூட்டலில் பிறந்த குட்டிக்கும் இன்றுவரை இடமில்லை. நியூமார்க்கெட்டிலும் அதே விதிதான்.