பெட்டியில் கிடந்த படங்கள் பேரனைப் படிக்க வைத்தன
(திருப்பதியிலிருந்து நமது நிருபர்)

சென்னையிலிருந்து சப்தகிரி எக்ஸ்பிரஸ் திருப்பதி நிலையத்தில் வந்து நின்றதும் பயணிகள் முதலில் செய்வது என்ன தெரியுமா? அலைபேசியை எடுத்து ஏழுமலையைப் படம் பிடிப்பதுதான். திருமலை ஆலயத்துக்குள் அலைபேசிக்கு அனுமதி இல்லை என்பதால், வெளியே எடுத்த படங்கள்தான் வீடு திரும்புகின்றன. அலைபேசி தொலைந்தால் அந்தப் படங்களும் கோவிந்தா!

பிழைப்புக்காக இங்கு வந்து தங்கிவிட்ட நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இதனால் வரும் நஷ்டம் சிறிதல்ல. சித்தூர்ச் சீமையின் பெரும்பகுதி 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. அதனால் தமிழ் இங்கே அன்னிய மொழி அல்ல. ஆனாலும் நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். தமிழ் பேசுவார்கள், படிக்கச் சொன்னால் விழிப்பார்கள்.

பாகாலாவில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்ற வேலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், சென்ற ஆண்டு ஒரு தகரப் பெட்டியுடன் என்னைத் தேடி வந்தார். காட்பாடி-பாகாலா பாதை மீட்டர் கேஜாக இருந்த காலத்துப் புகைப்படங்கள் அதில் இருந்தன. பாதி கரையான் அரித்தவை. "தம்பி, எனக்கப்புறம் இதை யார் பார்ப்பாங்க? பேரனுக்குத் தமிழ் எழுத்தே தெரியாதே" என்றார்.

எனக்கும் அப்போது ஒன்றும் தெரியாது. இருவரும் சேர்ந்தே கற்றுக்கொண்டோம் என்பதுதான் உண்மை.

வலைப்பூ என்பது கணினியில் நாம் எழுதும் நாட்குறிப்பு. ஊரார் படிக்கும் நாட்குறிப்பு. 1999-ல் வந்த பிளாகர் போன்றவற்றில் காசில்லாமல் தொடங்கலாம். தமிழர்கள் 2003 முதலே இதில் எழுதி வருகிறார்கள். அன்று தமிழில் தட்டச்சு செய்ய எ-கலப்பை போன்ற மென்பொருளைத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது. இன்று அலைபேசியிலேயே தமிழ் விசைப்பலகை உண்டு. வாயால் சொன்னாலும் எழுதிக்கொள்ளும். பெரியவர் சொல்லச் சொல்ல அப்படித்தான் பதிவாயிற்று. பிழைகளை நான் திருத்தினேன்.

அடுத்தது செய்தியோடை. பத்து வலைப்பூக்களை நாம் தினமும் தேடிப் போக வேண்டியதில்லை. பேப்பர்காரப் பையன் வாசலில் போட்டுவிட்டுப் போவது போல, புதிதாக எழுதியவை நம்மிடமே வந்து சேரும். தமிழ்ப் பதிவுகளை இவ்வாறு ஒரே இடத்தில் திரட்டித் தர 2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய ‘தமிழ்மணம்’ பல ஆண்டுகள் அரிய சேவை செய்தது.

படங்களுக்கு அதே 2004-ல் வந்தது ஃபிளிக்கர். படத்தை ஏற்றி, இடம், ஆண்டு, அதில் உள்ளவர் பெயர் எல்லாம் கீழே எழுதி வைக்கலாம். யார் யார் பார்க்கலாம் என்பதை நாமே முடிவு செய்யலாம்.

ஆனால் இலவசம் என்று முழுக்க நம்பிவிடக் கூடாது. லட்சக்கணக்கானோர் செய்தியோடை படித்து வந்த கூகுள் ரீடர் 2013-ல் மூடப்பட்டது. இலவசக் கணக்குக்கு ஆயிரம் படங்களே என ஃபிளிக்கர் 2018-ல் அறிவித்தது. ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி வீட்டிலும் இருக்க வேண்டும்.

ரயில்வே ஊழியன் என்ற முறையில் இன்னொரு எச்சரிக்கை. பயணச்சீட்டைப் படம் எடுத்து எல்லோரும் பார்க்கும்படி போடாதீர்கள். அதிலுள்ள பத்து இலக்க பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு உங்கள் பெட்டி, படுக்கை எண்ணை யாரும் அறியலாம். வீடு பூட்டியிருக்கும் சேதியையும் ஊருக்குச் சொன்னதாகும். ஆதார் அட்டைப் படமும் அப்படியே.

படிப்பு போதாது என்று தயங்குவோர் எர்ணாகுளம் நிலையத்துச் சுமைதூக்கும் தொழிலாளி ஒருவரை நினைத்துக்கொள்ளலாம். நிலையத்தின் இலவச வைஃபையில் பாடம் கேட்டுக்கொண்டே மூட்டை சுமந்து, 2018-ல் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணைய எழுத்துத் தேர்வில் அவர் தேறினார்.

நம் பெரியவரின் வலைப்பூவில் இப்போது இருபத்திரண்டு படங்கள் இருக்கின்றன. கரையான் தின்றவை போக மிஞ்சியவை அவ்வளவே. சென்ற மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரன் அலைபேசியும் கையுமாகத் தாத்தாவின் அருகில் உட்கார்ந்திருந்தான். நீராவி எஞ்சின் பக்கத்தில் பச்சைக் கொடியுடன் நிற்கும் வாலிபனின் படம். அதன் கீழிருந்த பெயரை, ஒவ்வோர் எழுத்தாகத் தாத்தாவிடம் கேட்டுக் கேட்டுக் கூட்டிப் படித்தான். முடித்ததும் நிமிர்ந்து பார்த்து, "தாத்தா, இது நீங்களா?" என்றான்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கும். கரையான் முந்துவதற்குள் திறந்து பாருங்கள்.